தாத்தா ஓட்டிய ஏரும் பெரியம்மாவின் மௌனமும்

1983-ஆம் ஆண்டு ஐப்பசி அடைமழையில் எங்கள் தாத்தாவுக்குப் புத்தி பேதலித்தது. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். அவருக்கு வயது 78. இரண்டு நாளாக அடிவயிறு கனக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் விளக்கு வைத்த நேரத்தில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ஏர் ஓட்டத் தொடங்கினார். இல்லாத தார்க்குச்சியை வீசினார். இல்லாத மாட்டின் வாலை முறுக்கினார். “சாலப் பாத்து ஓட்டுடா, வரப்புல ஏறுது பாரு” என்று, இருபது வருஷத்துக்கு முன்பே காலமாகிவிட்ட தம்பியை அதட்டினார். அப்பாயியைப் பார்த்து “இந்தம்மா யாரு?” என்றார். பொழுது விடிந்ததும் கொஞ்சம் தெளிந்து அதே அப்பாயியிடம் வெந்நீர் கேட்டார். அந்தி சாய்ந்ததும் மறுபடி ஏர் பூட்டினார்.

ஊரில் இதற்கு ஒரே பெயர்தான்: ஜன்னி. ஜன்னி கண்டவர் பிழைப்பது அரிது என்ற நம்பிக்கையும் கூடவே இருந்தது. இறந்தவர்களோடு பேச ஆரம்பித்துவிட்டால் அவர்கள் அழைத்துப்போக வந்துவிட்டார்கள் என்று பொருள். தண்ணீர் கொடுத்தால் கோழை கட்டும் என்று யாரோ சொல்ல, இஞ்சிச் சாற்றை மட்டும் நாக்கில் தடவினார்கள். இரண்டாம் இரவு அவர் கிணற்றை நோக்கி நடந்தபோது, பெரியப்பா பழைய வேட்டியைக் கிழித்து அவர் கணுக்காலைக் கட்டில் காலோடு கட்டினார். கட்டும்போது பெரியப்பா அழுததைப் பார்த்தேன். எனக்கு அப்போது 14 வயது.

ஏர் ஓட்டத் தொடங்கிய நான்காம் நாள் பக்கத்து ஊர் கம்பவுண்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ரப்பர் குழாயைப் போட்டதும் ஒரு பெரிய சொம்பு நிறையச் சிறுநீர் வந்தது. அன்று இரவு தாத்தா தூங்கினார். மறுநாள் பிற்பகல் எழுந்து, காப்பி கேட்டு, காலில் ஏன் துணி கட்டியிருக்கிறது என்று கேட்டார். மாரியம்மன் கோயில் திருநீறுதான் காப்பாற்றியது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அடைபட்ட சிறுநீருக்கும் கலங்கிய புத்திக்கும் தொடர்பு இருக்கும் என்று, குழாய் போட்ட கம்பவுண்டர் உட்பட, யாரும் நினைக்கவில்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2023-இல், அதே நோயை இன்னொரு வடிவில் பார்த்தேன்.

பெரியம்மாவுக்கு வயது 81. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். செய்தித்தாளை உரக்கப் படிப்பார், காப்பியில் டிகாக்‌ஷன் போதவில்லை என்று தினமும் சண்டை பிடிப்பார். ஒரு வியாழக்கிழமை தொலைபேசியில் விசாரித்தபோது அங்குள்ள ஆயா, “பாட்டி இன்னைக்கு ரொம்ப சமத்தா இருக்காங்க சார், ஒரு தொந்தரவும் இல்ல” என்றார். வெள்ளிக்கிழமையும் அதே பதில். ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். கண் திறந்திருந்தது, என் மேல் பார்வை நிற்கவில்லை. கேட்டதற்குப் பதில் பாதியில் நின்றது. கைவிரல்கள் போர்வையின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டே இருந்தன. தாத்தாவின் விரல்களும் அப்படித்தான் நிமிண்டின. காது கேட்கும் கருவி, பேட்டரி தீர்ந்து மேஜை இழுப்பறையில் கிடந்தது. தொலைந்துவிடும் என்று மூக்குக்கண்ணாடியைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

இரத்தப் பரிசோதனையில், 135-க்கும் 145-க்கும் இடையே இருக்க வேண்டிய சோடியம் 118-ஆக இருந்தது. இரத்த அழுத்தத்துக்காகக் கொடுத்த, சிறுநீரைக் கூட்டும் மாத்திரை ஒரு பக்கம். உப்பில்லாத சாப்பாடு மறுபக்கம். “சோடியம் குறைஞ்சிடுச்சு” என்ற சொல் இன்று தமிழ்நாட்டில் அநேகமாக எல்லா வீடுகளுக்கும் தெரியும். மாத்திரையை மாற்றி, சோடியத்தைப் பதமாக, மெதுவாக ஏற்றினார்கள். எட்டு நாளில் பெரியம்மா திரும்பி வந்தார். முழுதாக அல்ல. சில பெயர்கள் வரவில்லை. செய்தித்தாள் மடித்தபடியே கிடக்கிறது.

தாத்தாவுக்கும் பெரியம்மாவுக்கும் வந்தது ஒன்றுதான். மருத்துவர்கள் டெலிரியம் என்கிறார்கள். தமிழில் திடீர் மனக்குழப்பம் என்று சொல்லலாம். இலத்தீனில் அந்தச் சொல்லுக்கு வேர், உழும்போது ஏர் சாலை விட்டு விலகுவது. முதல் நூற்றாண்டிலேயே செல்சஸ் என்ற ரோமானியர் தம் மருத்துவ நூலில் அந்தச் சொல்லைப் பயன்படுத்திவிட்டார். இதைப் படித்த அன்று எனக்குத் தாத்தாவின் குரல்தான் கேட்டது. அவர் ஓட்டிய ஏர் சால் தவறியிருந்தது. தம்பியின் ஏர் தவறுவதாக அவர் அதட்டிக்கொண்டிருந்தார்.

இதை மறதி நோயோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மறதி நோய் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் படிப்படியாக இறங்கும். டெலிரியம் சில மணி நேரத்தில், அதிகம் போனால் சில நாளில் வந்து விழும். ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். காலையில் தெளிவு, இரவில் கலக்கம். மூளைக்கு வெளியே எங்கோ கோளாறு இருப்பதையே அது பெரும்பாலும் தெரிவிக்கிறது: சிறுநீர்த் தொற்று, காய்ச்சலே இல்லாத நுரையீரல் சளி, நாள்கணக்கில் இறுகிப்போன மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, திடீரென்று நிறுத்திய தூக்க மாத்திரை. இளைஞனுக்கு இவற்றில் ஒன்று வந்தால் உடம்பு மட்டும் படுக்கும். எண்பது வயதில் முதலில் சாய்வது புத்தி.

மறதி நோய் உள்ளவருக்கு இது இன்னும் எளிதாக வரும் என்பதுதான் முதியோர் இல்லங்களின் சிக்கல். ஏற்கெனவே கலங்கிய குளத்தில் புதிதாக விழுந்த சேற்றை எப்படிப் பிரித்தறிவது? நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் டெலிரியம் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்பதைப் பற்றிய ஆய்வுகளை 2013-இல் தொகுத்துப் பார்த்தபோது, 1.4 சதவீதத்திலிருந்து 70 சதவீதம் வரை எண்கள் சிதறிக் கிடந்தன. இல்லத்தில் யார் இருக்கிறார்கள், எந்த அளவுகோலால் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறியது. எந்த நோயின் கணக்கு இப்படி 50 மடங்கு முன்பின்னாக இருக்கிறதோ, அதை இன்னும் சரியாகப் பார்க்கத் தொடங்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பார்ப்பதற்கான கருவி நெடுங்காலம் இல்லை. போர்வையையும் காற்றையும் விரல்கள் நிமிண்டுவது கெட்ட குறி என்று ஹிப்போக்ரட்டஸ் பெயரில் வழங்கும் நூலில் இருக்கிறது. நம் வைத்தியமும் ஜன்னியை வகை பிரித்து எழுதி வைத்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு வர்ணனை இருந்தும் உள்ளே நடப்பது தெரியவில்லை. 1959-இல் ஜார்ஜ் எங்கல், ஜான் ரோமானோ என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், குழப்பம் கூடும்போது மூளையின் மின்னலைகள் மந்தமாவதையும், தெளியும்போது அவை மீள்வதையும் காட்டி ஒரு கட்டுரை எழுதினார்கள். இதயம் தளர்வதைப்போல, சிறுநீரகம் தளர்வதைப்போல மூளையும் தளர்கிறது என்பது அவர்கள் வாதம். மருத்துவ உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1980-இல் லிபோவ்ஸ்கி எழுதிய புத்தகமும், அதே ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு வகுத்த இலக்கணமும் வந்த பிறகே இந்த நோய்க்கு ஒரு நிலையான பெயர் கிடைத்தது. தாத்தா ஏர் ஓட்டியது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து. அந்தச் செய்தி மன்னார்குடிக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. பெரிய நகரத்து மருத்துவமனைகள் பலவற்றுக்கும்தான்.

1990-இல் ஷேரன் இனோயே என்ற மருத்துவர், மனநல நிபுணர் இல்லாமலே கட்டிலருகில் சில நிமிடங்களில் செய்யக்கூடிய ஒரு சோதனையை வெளியிட்டார். நான்கு கேள்விகள். மாற்றம் திடீரென்று வந்து ஏறி இறங்குகிறதா? கவனம் நிற்கிறதா? பேச்சு கோர்வையாக இருக்கிறதா? விழிப்பு வழக்கம்போல் இருக்கிறதா, மந்தமாகவோ பதற்றமாகவோ இருக்கிறதா? முதல் இரண்டிலும் கோளாறு தெரிவது கட்டாயம். பின்னிரண்டில் ஒன்றில் தெரிந்தால் போதும். கவனத்தைச் சோதிக்க மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வது ஒரு வழி. பெரியம்மாவிடம் இளம் மருத்துவர் ஒருவர் டிசம்பர், நவம்பர் என்று கேட்டார். எனக்கு மனம் ஆறாமல், பங்குனி, மாசி என்று கேட்கச் சொன்னேன். நாற்பது ஆண்டு வகுப்பெடுத்த பெரியம்மா “பங்குனி” என்றார், “மாசி” என்றார், பிறகு மறுபடியும் “பங்குனி” என்றார்.

சோதனை இருந்தாலும் கண் வேண்டும். இனோயேவின் குழு 2001-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், ஆய்வாளர்கள் டெலிரியம் என்று கண்ட நோயாளிகளில் 31 சதவீதத்தினரை மட்டுமே செவிலியர்கள் அடையாளம் கண்டிருந்தார்கள். யாரைத் தவறவிட்டார்கள் என்று பார்த்தால் நான்கு காரணங்கள் தெரிந்தன: நோயாளி அமைதியாகக் கிடப்பது, 80 வயது தாண்டியது, பார்வைக் குறைவு, மறதி நோய். முதல் மூன்றும் பெரியம்மாவிடம் இருந்தன. தாத்தாவின் டெலிரியம் தெருவுக்கே கேட்டது. முதியவர்களிடம் அதிகம் காணப்படுவதோ பெரியம்மாவுக்கு வந்த ஓசையற்ற வகை. தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதும் அதுவே. இருபது பேரைக் கவனிக்கும் ஆயாவுக்கு, திடீரென்று அமைதியாகிவிட்ட ஒருவர் நோயாளியாகத் தெரிவதில்லை; அன்றைக்குச் சற்று மூச்சு விட இடம் கிடைத்ததாகத்தான் தெரிகிறது. அந்த ஆயாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பா கிழித்த வேட்டி ஓர் இரவுக்கானது. அதே காலத்தில் அமெரிக்க முதியோர் இல்லங்களில் மார்பிலும் இடுப்பிலும் பூட்டும் கச்சைகள், எழ முடியாதபடி பலகை மாட்டிய நாற்காலிகள் எல்லாம் அன்றாட நடைமுறை. விழாமல் காப்பதற்கு என்று சொன்னார்கள். கட்டப்பட்டவர் மேலும் பதறினார், பதறியதால் மேலும் இறுக்கினார்கள். அசைவற்றுக் கிடந்ததால் குழப்பம் கூடியது. 1986-இல் வெளியான ஓர் அறிக்கை அந்த இல்லங்களின் நிலையைப் போட்டு உடைத்தது. 1987 டிசம்பரில் சட்டம் வந்தது. தண்டனைக்காகவோ ஊழியரின் வசதிக்காகவோ யாரையும் கட்டவும் கூடாது, மருந்தால் முடக்கவும் கூடாது என்றது அந்தச் சட்டம். 1991-இல் அங்கே ஐந்து பேரில் ஒருவர் கட்டுண்டு இருந்தார். இன்று நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 2010 அக்டோபரிலிருந்து, குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்ப வேண்டிய மதிப்பீட்டுப் படிவத்தில் இனோயேவின் நான்கு கேள்விகளும் இடம்பெற்றன. ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது, பெரிய மாற்றம்.

கயிறு அவிழ்ந்தாலும் மாத்திரை போகவில்லை. கலக்கத்தை அடக்க மனநோய் மருந்துகளைக் கொடுப்பது தொடர்ந்தது. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு அவ்வகைப் புதிய மருந்துகளைக் கொடுத்தால் மரணம் 1.6 முதல் 1.7 மடங்கு ஆகிறது என்று 2005-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கறுப்புக் கட்டமிட்டு எச்சரித்தது. 2008-இல் பழைய வகை மருந்துகளையும் சேர்த்தது. 2011 இறுதியில் அங்கே நீண்டகாலம் தங்கியவர்களில் சுமார் 24 சதவீதத்தினர் அம்மருந்துகளில் இருந்தார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் அது 14 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. ஆனால் 2022-இல் வந்த ஓர் அரசாய்வு, அம்மருந்து குறைந்த அதே ஆண்டுகளில் வலிப்பு மருந்துகள் கூடியதைக் காட்டியது. எண்கள் இறங்குவதைக் கண்டு மகிழும்போதெல்லாம் பக்கத்து எண்ணையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் ஊர் இல்லங்களில் எத்தனை பேர் கட்டுண்டு இருக்கிறார்கள் என்று சொல்ல இப்படி ஒரு வரிசை எண் என்னிடம் இல்லை. கிழித்த புடவைத் துண்டு கட்டில் கம்பியில் முடிச்சிட்டுத் தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். கையுறைபோல் விரல்களை மூடிக் கட்டியிருப்பதைப் பார்த்து, மூக்குக்குழாயைப் பிடுங்காமலிருக்க என்ற விளக்கத்தையும் கேட்டிருக்கிறேன்.

இதற்கெல்லாம் எதிர்த்திசையில், 1993-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் இனோயே ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ஹெல்ப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நோய் வந்தபின் அடக்குவதை விட்டு, வராமல் தடுப்பது அதன் நோக்கம். ஆறு விஷயங்களில் கவனம் வைத்தார்கள்: நினைவுத் தடுமாற்றம், தூக்கமின்மை, அசையாமை, பார்வைக் குறைவு, செவிக்குறைவு, நீர்ச்சத்துக் குறைவு. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் நாளுக்கு மூன்று முறை கட்டிலருகே வருவார்கள். பெயர் சொல்லி அழைப்பார்கள். இன்று என்ன கிழமை என்று பேச்சுக் கொடுப்பார்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டுவார்கள். தண்ணீர் குடிக்க வைப்பார்கள். கையைப் பிடித்து நடக்க வைப்பார்கள். இரவில் தூக்க மாத்திரைக்குப் பதில் வெதுவெதுப்பான பால் கொடுப்பார்கள், முதுகைத் தடவிவிடுவார்கள். 70 வயது தாண்டிய 852 நோயாளிகளிடம் சோதித்து 1999-இல் முடிவை வெளியிட்டபோது, வழக்கமான கவனிப்பில் 15 சதவீதத்தினருக்கு வந்த டெலிரியம் இந்தக் கவனிப்பில் 9.9 சதவீதமாகக் குறைந்திருந்தது. வந்துவிட்ட குழப்பத்தின் கடுமையை அது குறைக்கவில்லை. வரவிடாமல் செய்வதில்தான் பலன்.

வெதுவெதுப்பான பாலும் முதுகு தடவலும் என்ற வரியில் நான் நெடுநேரம் நின்றேன். பால் கொடுக்கவில்லை; முதுகு தடவலை அப்பாயி செய்தார். அவருக்கு இனோயேவைத் தெரியாது. தாத்தா யாரென்று கேட்ட அந்த இரவிலும் முதுகைத் தடவிக்கொண்டே, “நான்தான், வேற யாரு” என்றார். திண்ணையில் எப்போதும் இரண்டு பேர் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து நாற்று வளர்ந்த கதையைச் சொன்னார். அரிக்கேன் விளக்கு விடியும்வரை எரிந்தது. காலையில் கதவைத் திறந்தால் தாத்தா தம் கையால் நட்ட புங்கமரம் தெரிந்தது. நேரத்தையும் இடத்தையும் நினைவூட்டத் தன்னார்வலர் தேவைப்படவில்லை. சேவல் கூவியது, மாடு கத்தியது, எதிர்வீட்டில் வாசல் தெளித்தார்கள்.

ஆனால் அந்த வீட்டைப் பொன்னாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. தண்ணீர் கொடுக்காமல் நாலு நாள் போட்டதும் அந்த வீடுதான். கம்பவுண்டர் வர ஒரு நாள் தாமதமாகியிருந்தால் ஜன்னியில் போய்விட்டார் என்று சொல்லி முடித்திருப்போம். அப்படிச் சொல்லி முடிக்கப்பட்டவர்கள் எங்கள் ஊரிலேயே பலர். அன்பாக உட்கார்ந்திருந்த அந்த இரவுகளின் சுமையை யார் தாங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சின்ன அத்தை நாலு இரவும் கண் மூடவில்லை. அவருக்குக் கைக்குழந்தை இருந்தது. யாரும் அவரிடம் முடியுமா என்று கேட்கவில்லை. இன்று அத்தைகள் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் கோயம்புத்தூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். பெரியம்மாவை இல்லத்தில் சேர்த்தது பாசம் குறைந்ததால் அல்ல. பகலில் வீட்டில் ஒருவரும் இல்லாததால். 1961-இல் இந்தியாவில் நூற்றுக்கு 5.6 பேர் 60 வயதைக் கடந்தவர்கள்; 2011-இல் 8.6 பேர், அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 10.4 பேர். திண்ணையில் இருக்க வேண்டியவர்கள் குறைந்து, கட்டிலில் இருப்பவர்கள் கூடிவிட்டார்கள்.

உட்கார ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. மார்ச் மாதத்தில் முதியோர் இல்லங்களின் வாசல்கள் அடைபட்டன. கவச உடைக்குள் முகம் மறைந்தது. அமெரிக்காவில் அவசர சிகிச்சைக்கு வந்த கொரோனா முதியவர்கள் 817 பேரைப் பார்த்ததில் 28 சதவீதத்தினர் டெலிரியத்தோடு வந்திருந்தார்கள். அவர்களில் பலருக்குக் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இல்லை, குழப்பம்தான் அடையாளம். பெரியம்மா இருந்த இல்லத்தில் அந்த ஆண்டு ஆறு மாதம் நாங்கள் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று கையசைத்தோம்.

சென்னையில் முதியோர் மருத்துவம் இளையது அல்ல. அரசு பொது மருத்துவமனையில் 1978-இலேயே முதியோருக்கான தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கியது, மருத்துவர் வி. எஸ். நடராஜன் அதை வளர்த்தார். 1988-இல் வார்டு வந்தது. 1996-இல் மருத்துவ மேற்படிப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. ஒரு புறநோயாளிப் பிரிவிலிருந்து 200 படுக்கைக்கு வர 46 ஆண்டுகள். மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது என்று தொடங்கி, ஒவ்வொன்றிலும் குறைந்தது 150 பேர் தங்கும்படி மாநில அரசு அமைக்கலாம் என்று, முதியோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் சொல்கிறது. மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை, படுக்கை வசதி என்றும் சொல்கிறது. இல்லத்தில் தங்கியிருப்பவர் நேற்றைப்போல் இன்றும் இருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லும் வரி அதில் இல்லை.

மேலைநாடுகளிலும் முதியோர் இல்லத்துக்கென்று செய்யப்பட்ட தடுப்பாய்வுகள் சொற்பம். 2019-இல் தேடித் தொகுத்தவர்களுக்குத் தகுதியானவையாகக் கிடைத்தவை மூன்றே. அவற்றில் பலன் தென்பட்டது ஒன்றில்: ஒவ்வொருவரின் மருந்துப் பட்டியலையும் கணினியால் அலசி, குழப்பம் உண்டாக்கக்கூடியவற்றை மருந்தாளர் எடுத்துக்காட்டிய முறை. அதற்கு முன்பே, 1991-இல், மார்க் பீர்ஸ் என்ற மருத்துவர் முதியோர் இல்லங்களை மனதில் வைத்தே, வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலைப் போட்டார். 2023-இலும் அது புதுப்பிக்கப்பட்டது. தூக்க மாத்திரை, அரிப்புக்குத் தரும் பழைய மாத்திரை, சிறுநீர் அடங்கத் தரும் மாத்திரை என்று நம் இல்லங்களின் டப்பாக்களில் இருப்பவை பல அதில் உண்டு. பெரியம்மாவின் டப்பாவில் 11 மாத்திரைகள் இருந்தன. மருத்துவரோடு உட்கார்ந்து பார்த்து இப்போது ஆறாக்கியிருக்கிறோம். தாத்தாவிடம் ஒரு மாத்திரைகூட இல்லை. அவருடைய இரத்த அழுத்தம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

மாலையில் தண்ணீர் குறைத்துக் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி இல்லத்தில் பேசினேன். இரவில் டயப்பர் மாற்ற ஆள் போதாது என்றார்கள். 22 பேருக்கு இரவில் இரண்டு பேர். அதுதான் உண்மையான காரணம், மறைக்காமல் சொன்னார்கள். பகலிலேயே நீர்மோராகவும் கஞ்சியாகவும் கூடுதலாகக் கொடுத்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். கண்ணாடி இப்போது கயிறு கட்டி பெரியம்மாவின் கழுத்தில் தொங்குகிறது. காது கேட்கும் கருவியின் பேட்டரியைச் சனிக்கிழமைதோறும் மாற்றுவது என் பொறுப்பு. தமிழ் மாதக் காலண்டர் ஒன்று கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறது, கிழிப்பது பெரியம்மா.

ஆஸ்திரேலியாவில் 2010-இல் ஒரே ஒரு கேள்வியைச் சோதித்துப் பார்த்தார்கள். நோயாளியை நன்கு அறிந்த உறவினரிடமோ நண்பரிடமோ கேட்கும் கேள்வி: அண்மையில் இவர் வழக்கத்தைவிடக் குழம்பியிருப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறதா? பல சமயம் இந்த ஒன்றே டெலிரியத்தைக் காட்டிக்கொடுத்தது. ஒருவரின் வழக்கம் என்ன என்று தெரிந்தவர்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். பெரியம்மா காப்பிக்குச் சண்டை பிடிப்பவர் என்று அந்த ஆயாவுக்குத் தெரியும். சண்டை நின்றால் போன் செய்ய வேண்டும் என்பதையும் இப்போது தெரிந்து வைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டு முதியவர் ஓர் இல்லத்தில் இருந்தால், அடுத்த முறை அழைக்கும்போது சாப்பிட்டாரா, தூங்கினாரா என்பதோடு இதையும் கேளுங்கள்: நேற்றைப்போல் இருக்கிறாரா? மாறியிருக்கிறார் என்று சொன்னால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.